ஏறும்போது தண்ணீர் குடிக்காதே

எங்கள் தெருக் கோயில் குடமுழுக்கு மலருக்கு எழுதச் சொல்லி வந்தவர்கள் தலைப்பையும் கையோடு கொண்டுவந்தார்கள். ‘கயிலாயத்தைச் சுற்றிய ஏழுமலை.’ எடுப்பான தலைப்புதான். அதை அடித்துவிட்டு என் தலைப்பைப் போட்டிருக்கிறேன். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என்னைத் தெரியாதவர்கள் திருவான்மியூரில் குறைவு. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அடையாறு முதல் கொட்டிவாக்கம் வரை கோடையில் தண்ணீர் லாரி ஓட்டுகிற ஏழுமலை நான்தான். ஆரம்பத்தில் லாரி கிடையாது. மயிலாப்பூர் சந்துகளில் தோளில் குடம் வைத்து மாடி மாடியாக ஏற்றினேன். பிறகு மூன்று சக்கர வண்டி, பிறகு ஓட்டை லாரி ஒன்று, பிறகு நல்ல லாரிகள். யாரும் கைதூக்கி விடவில்லை. இன்று பெரிய படிப்புப் படித்தவர்கள் தலையில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றபடி எனக்குத்தான் போன் பண்ணுகிறார்கள்.

குடம் தூக்குகிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஏறும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. தோளிலும் தண்ணீர், வயிற்றிலும் தண்ணீர் என்றால் இரண்டும் குலுங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். கடைசிக் குடத்தை இறக்கி வைத்து, வேர்வை ஆறி, அதன் பிறகுதான் ஒரே மடக்காகக் குடிக்க வேண்டும். எழுபதை நெருங்கும் வரை இந்தச் சட்டம் என்னைக் கைவிட்டதில்லை. திருவண்ணாமலை கிரிவலத்தைக்கூட எத்தனையோ பௌர்ணமிகளில் வெறுங்காலோடு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சுற்றியிருக்கிறேன். வழியில் மோர் கொடுப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவேன்.

கயிலாய யாத்திரையில் வேண்டுதல் என் மனைவி தனத்தினுடையது. செலவு என்னுடையது. சில வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், அடையாற்றில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். முடியெல்லாம் கொட்டிப் போய் ஒரு நீலத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில் அம்மாள் ஒரு படத்தைக் காட்டினாளாம். வெள்ளையாக ஒரு மலை. ‘எழுந்து நடந்தால் என் காலாலேயே இந்த மலையைச் சுற்றி வருகிறேன்’ என்று இவள் வேண்டிக்கொண்டாள். என்னிடம் சொன்னது உடம்பு தேறிய பிறகு.

“அவ்ளோ தொலவு இன்னாத்துக்குமே? திருப்பதிக்குப் போயி மொட்டை போட்டுக்கினு வந்துடலாம்” என்றேன்.

“மொட்டை ஆஸ்பத்திரிலயே ஆயிடுச்சி. அத்தயே சாமிக்கு ரெண்டாந்தபா குடுக்கச் சொல்றியா?” என்றாள்.

பேசி ஜெயிக்க முடியாத இடத்தில் செலவு பண்ணிவிடுவது என் பழக்கம்.

உடம்பைச் சோதிக்கப் போனோம். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. தனத்தின் காகிதங்களைப் புரட்டிவிட்டு, “அம்மா போகலாம். மெதுவா நடங்க. தண்ணி நிறையக் குடிங்க. தலைவலி வந்தா மறைக்காதீங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத்தான் பிரஷர் இருக்கு சார். நீங்க வேணா இருந்துடுங்களேன்.”

“நான் இல்லாம இவ எப்படிம்மா போவா? மவுண்ட் ரோடே தனியாத் தாண்டத் தெரியாது இவளுக்கு” என்றேன். தனம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பளி வாங்க தியாகராய நகருக்குப் போனோம். அக்கினி நட்சத்திர வெயில். ஊரே முலாம்பழச் சாறு குடித்துக்கொண்டிருக்க, நாங்கள் குரங்குக் குல்லாவும் கையுறையும் தேடினோம். கடைக்காரர் கேட்டார்: “இன்னா பெரியவரே, ஊட்டியா?”

“கயிலாயம்.”

அவர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். “போயிட்டுத் திரும்பி வர கயிலாயம்தான?”

தனம் குல்லாவை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, வேர்வை ஒழுக ஒழுகச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதை இப்போது எழுதும்போதுதான் நினைவு வருகிறது.

பயிற்சிக்கு நானே வாத்தியார். விடிந்தும் விடியாமலும் திருவான்மியூர்க் கடற்கரை மணலில் நடை. பிறகு என் லாரி தண்ணீர் ஊற்றுகிற ஒரு பெரிய குடியிருப்பில் படிக்கட்டு. லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் இரண்டு கிழங்கள் முதுகில் பையோடு ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்து காவல்காரர் முதல் நாள் ஓடி வந்தார். நான் முன்னால், தனம் பின்னால். “வாய மூடிக்கினு ஏறு. தண்ணி கேக்காத” என்பேன்.

என் மகன் சேகர்தான் இப்போது லாரிகளைப் பார்த்துக்கொள்கிறான். “நைனா, டாக்டர் இன்னா சொன்னாங்க, நீ இன்னா சொல்லிக்கினு கீற?” என்றான்.

“டாக்டரு எத்தினி கொடம் தூக்கிக்கீறாங்க?” என்றேன்.

மூட்டை கட்டும்போது தனம் அந்த ஆஸ்பத்திரி நீலத் துணியையும் மடித்து உள்ளே வைத்தாள். அது இன்னாத்துக்கு என்று கேட்டேன். “கெடக்கட்டும்” என்றாள்.

முதல் நாள் காத்மாண்டு. ஒரு நிமிஷம்கூட எனக்கு அது வெளிநாடாகத் தெரியவில்லை. ஓட்டல் சந்தில் நம்ம ஊர் மாதிரியே ஒரு தண்ணீர் லாரி குழாயை நீட்டிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பாஷை புரியாவிட்டாலும் சண்டை எனக்கு வரிக்கு வரி புரிந்தது. ‘பாதிதான் ஊத்தினே’ என்பார் அவர், ‘உன் தொட்டியே அவ்ளோதான்’ என்பார் இவர். நான் போய் அந்த ஓட்டுநரின் தோளில் தட்டிக் கொடுத்தேன். எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

எங்கள் குழுவில் மயிலாப்பூரிலிருந்து ஒரு பாட்டு டீச்சர் வந்திருந்தார். ராஜம் மாமி. வயது என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும். கொடிக்கம்பி போல உடம்பு. “ஆத்துல எல்லாரும் போகாதே போகாதேன்னா. நான் காதுல வாங்கிக்கலை. புளிக்காய்ச்சல் பண்ணி எடுத்துண்டு கெளம்பிட்டேன்” என்று தனத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவின் பெயரைச் சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது.

“உங்க தெருவுல நான் கொடம் போட்டுக்கீறேன் மாமி” என்றேன்.

மாமி கண்ணைச் சுருக்கினார். “அந்தப் பிள்ளையாண்டானா நீங்க? குடத்தை நடையில வெச்சுட்டு வெளியிலேயே நிப்பேளே.”

“நான் எங்க நின்னேன்? நீங்க நிக்க வெச்சீங்க.”

சாப்பாட்டு நேரத்தில் மாமி புளிக்காய்ச்சலை முதலில் என் தட்டில்தான் போட்டார். நன்றாகவே இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்து வந்தது சாலை. அதைச் சாலை என்று சொல்கிறார்கள். மலை சரிந்து பாதி வழியைத் தின்றுவிட்டிருந்தது. பேருந்து நின்றது, எல்லாரும் இறங்கிச் சேற்றில் நடந்தோம். எங்கள் மூட்டைகளை அந்த ஊர்ப் பெண்கள் நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் சுமந்து அக்கரையில் சேர்த்தார்கள். அக்கரைப் பேருந்தில் சன்னல் மூடவில்லை. மூடுகிற சன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் திபெத்துக்குப் போகிற வரைக்கும் திறந்த சன்னல்காரர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பக்தர்கள்தான் எல்லாரும்.

எல்லையில் சீன அதிகாரி என் கடவுச்சீட்டையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கைரேகை இயந்திரத்தில் என் விரலை வைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி வைத்தேன், எடுக்கவில்லை. குடக்கழுத்தைப் பிடித்துப் பிடித்து ரேகையெல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது. அவர் என் விரலைத் தன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, போ என்று தலையசைத்தார். அங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார்கள். வயிறு கேட்கவில்லை, பழைய நேரத்துக்கே பசித்தது. காலையில் வேகவைத்த மாவு உருண்டை கொடுத்தார்கள். பார்க்க இட்லிக்குப் பெரியப்பா. வாயில் போட்டால் உப்பும் இல்லை, உறவும் இல்லை.

உயரம் ஏற ஏறத்தான் யாத்திரை தன் வேலையைக் காட்டியது. மூச்சு இருக்கிறது, காற்று இல்லை. கட்டிலிலிருந்து எழுந்து கதவைத் திறப்பதற்குள், மூன்றாவது மாடிக்குக் குடம் ஏற்றிய மாதிரி இளைக்கும். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். கழிப்பறை என்று ஒரு குழி, சில இடங்களில் அதுவும் கிடையாது; பெண்கள் போர்வையைப் பிடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் காவல் நின்றார்கள். தண்ணீர் குடித்தால் அந்தக் குளிரில் எழுந்து போக வேண்டும். உயரத்துக்கென்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் இன்னும் அடிக்கடி எழுந்து போக வேண்டும். நான் மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். என் கணக்கு எனக்குச் சரியாகவே இருந்தது.

எங்கள் வழிகாட்டி பாசாங், நேபாளத்துக்காரர். இந்தியில் பேசுவார், குழுவில் தெரிந்தவர்கள் எங்களுக்குச் சொல்வார்கள். உடம்பு பழகுவதற்காக ஒரு மேட்டில் ஏற்றி இறக்கினார். “மெல்ல, மெல்ல” என்பதே அவருக்கு மந்திரம். நான் எல்லாரையும் தாண்டி முதலில் உச்சிக்குப் போய் இடுப்பில் கை வைத்து நின்றேன். கடைசியில் தனமும் மாமியும் கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவர்கள் மாதிரி ஆடி அசைந்து வந்தார்கள்.

பாசாங் என்னிடம் வந்து ஏதோ சொன்னார். “பெரியவரே, இங்கே முதலில் வருகிறவருக்குப் பரிசு எதுவும் கிடையாது என்கிறார்” என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சாயங்காலமானால் விரலில் ஒரு கிளிப் மாட்டி ரத்தத்தில் காற்று எவ்வளவு என்று பார்ப்பார்கள். தனத்துக்கு நல்ல எண் வரும். எனக்கு வருகிற எண்ணைப் பார்த்துப் பாசாங் புருவத்தைத் தூக்குவார். “எல்லையிலயே பாத்தீங்கல்ல, காய்ச்ச வெரலு. மெஷினுக்கு அது எப்படித் தெரியும்?” என்பேன்.

மானசரோவரில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏரியிலிருந்து வாளியில் மொண்டு வந்து, கூடாரத்துக்குப் பின்னால் நின்று ஊற்றிக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு எட்டிய மட்டும் நீலம். என் வாழ்நாளில் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில், யாரும் சண்டை போடாமல் இருந்து பார்த்ததில்லை. ஊருக்கே ஊற்றியவனுக்கு அங்கே ஒரு வாளி. அந்த வாளியைத் தலையில் கவிழ்த்ததும் மண்டைக்குள் யாரோ ஆணி அடித்த மாதிரி வலித்தது. அந்த வலி போகவே இல்லை.

“தலை நோவுதா?” என்றாள் தனம்.

“இல்ல.”

“பொய் சொல்லாதய்யா. நெத்தியப் புடிச்சுக்கினே குந்திக்கீற. பாசாங் கைல சொல்லட்டா?”

“சொன்னீன்னா உன்னியும் சேத்துத் திருப்பி அனுப்பிடுவான், பரவால்லியா?”

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியும்.

மலையைச் சுற்றுகிற முதல் நாள், எமன் வாசல் என்கிற ஒரு சின்ன மண்டபத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனோம். அங்கே குதிரைகள் நின்றன. முடியாதவர்கள் ஏறிக்கொள்ளலாம். பாசாங் தனத்தைப் பார்த்தார். அவள் தன் காலைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

ஆற்றோரமாகக் கல்லும் மண்ணுமான வழி. பார்வைக்கு ஏற்றமே தெரியாது. கிரிவலப் பாதை மாதிரிதான் இருக்கிறது என்று எண்ணினேன். ஆனால் பத்தடி வைத்தால் நெஞ்சு கூட்டை உடைத்துக்கொண்டு வரும் போல இருந்தது. எதிர்க்காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்தது. நாக்கு மேலண்ணத்தில் செருப்புத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு முன்னால் போனவர்களில் சிலர் வழியோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாசாங் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஏறும்போது குடிக்க மாட்டேன். கடைசிக் குடத்தை இறக்கிய பிறகுதான்.

பின்னால் திரும்பிப் பார்த்தபோது தனம் ஒரு கல்லில் சாய்ந்து நின்றிருந்தாள். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்ன புட்டியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டாள். எடுத்ததும் செருகியதும் அவ்வளவு பழக்கமாக இருந்தது. திருவான்மியூர்ப் படிக்கட்டில் மாடிக்கு மாடி என் முதுகுக்குப் பின்னால் இதுதான் நடந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது.

தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மலையின் வடக்கு முகம் முழுசாகத் தெரிந்தது. எல்லாரும் அழுதார்கள். மாமி பாட ஆரம்பித்து மூச்சு வாங்கி நிறுத்தினார். தனம் கையைக் கூப்பவில்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அந்த மலை இரண்டாகத் தெரிந்தது. இரண்டு மலை, பக்கத்தில் பக்கத்தில். சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்று, நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் கணவாய்க்கு ஏற வேண்டும். அந்த யாத்திரையிலேயே கடினமான நாள் அதுதான் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். என் காலணிக் கயிற்றை என்னால் கட்ட முடியவில்லை. விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தனம் பார்த்தாள். இந்தத் தடவை என்னிடம் எதுவும் கேட்காமல் பாசாங்கைக் கூப்பிட்டுவிட்டாள்.

பாசாங் தரையில் ஒரு கோடு காட்டி, குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டுகிற மாதிரி அதன் மேல் நடக்கச் சொன்னார். வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொடாதவன் நான். சாயங்காலம் கடை வாசலில் தள்ளாடுகிறவன் மாதிரி அத்தனை பேர் முன்னாலும் சரிந்து, சுவரைப் பிடித்தேன்.

“இவர் இப்போதே இறங்க வேண்டும்” என்று பாசாங் சொன்னதைத் தமிழில் சொன்னார்கள். “இதற்கு மேல் ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஓர் ஆள் கூடவே வருவான். கீழே மருத்துவர் இருக்கிறார். வேறு யாரும் இறங்கத் தேவையில்லை.”

“சரி, எறங்கறோம். தனம், மூட்டையக் கட்டு” என்றேன்.

அவள் அசையவில்லை. “நீ எறங்குய்யா. நான் போயிட்டு வரேன்.”

“நான் இல்லாம நீ எப்டிப் போவ?”

“காலாலதான்.”

யாரோ சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “இவ என் பொண்டாட்டி. நான் எறங்குனா இவளும் எறங்கணும். கணவாய்க்குப் போறவங்கள்ல இவ பேர அடிக்கச் சொல்லு அவன் கைல” என்று கத்தினேன். அதை இந்தியில் சொல்ல யாரும் முன்வரவில்லை.

“சார், அவா வேண்டிண்டு வந்திருக்கா. தடுக்காதீங்கோ. நான் கைய விடாம கூட்டிண்டு போறேன்” என்றார் ராஜம் மாமி.

“உங்க வேலையப் பாருங்க மாமி. என்னியத்தான் நடையோட நிறுத்தினீங்க. இவளயாவது வுடுங்க.” பிறகு தனத்தைப் பார்த்துச் சொன்னேன்: “மேல போயி வுழுந்தீன்னா தூக்க நான் வர மாட்டேன், பாத்துக்கோ.”

தனம் பக்கத்தில் வந்தாள். அவள் குரல் உயரவில்லை. “நீ எப்பய்யா தூக்கின? கொடத்தத்தான தூக்கின.”

இடுப்பிலிருந்து புட்டியை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். “இந்தா, குடி. எறங்கும்போது குடிக்கலாம்ல? உன் சட்டத்துல அதுக்கு எடம் கீதுல்ல?”

பிறகு குனிந்து என் காலணிக் கயிற்றைக் கட்டிவிட்டாள். எழுந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

என்னைக் குதிரையில் உட்கார வைத்து, சரியாமல் இருக்கக் கயிற்றால் கட்டி, அரிசி மூட்டை மாதிரி இறக்கினார்கள். கீழே சின்ன மருத்துவமனையில் மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். ஒரு புட்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். ஊருக்கே லாரி லாரியாக ஊற்றியவனுக்குச் சொட்டுச் சொட்டாக. கூரையைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை அடிக்கடி தவறியது.

தலை கொஞ்சம் தெளிந்ததும், என்னோடு இறங்கி வந்த ஆள் சைகையும் பேச்சுமாகச் செய்தி சொன்னான். கணவாயில் பனி கொட்டுகிறது. ஒரு குழு பாதியில் திரும்பிவிட்டது. வேறு ஏதோ குழுவில் ஓர் ஆளைப் போர்வையில் சுற்றி இறக்குகிறார்கள். ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியவில்லை. சைகையால் கேட்டேன், தாடியைத் தடவிக் காட்டிக் கேட்டேன், காதில் கம்மல் காட்டிக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்கள். குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தெருவுக்கு வந்தேன். நாலடி நடப்பேன், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டி எட்டிப் பார்த்தேன். தூக்க வர மாட்டேன் என்று சொன்ன வாயால் எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கடைசியில் அந்த வண்டி வந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்தது ஆண்பிள்ளைக் கால். அப்பாடா என்றிருந்தது. யாரோ ஒருவர் வீட்டுப் பிணத்தைப் பார்த்து அப்பாடா என்றேன். கயிலாயத்தில் நான் அனுபவித்த பேரானந்தம் அது ஒன்றுதான்.

அதற்கு அடுத்த நாள், மலையின் மறுபக்கத்திலிருந்து வருகிற பாதையில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஆடி அசைந்து, கல்யாண வீட்டு நடை. கிட்டே வந்தபோது தனத்தின் முகம் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. உதடு வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. மாமி ஒரு கால் நொண்டினார்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல், “எப்டி இருந்துது?” என்று கேட்டேன்.

தனம் என்னைப் பார்த்தாள். “போய்ப் பாத்தாதான் தெரியும்” என்றாள். பிறகு பக்கத்துக் கடைக்குள் போய் டீ கேட்டாள்.

ஊர் திரும்பினோம். தெருமுனையில் மேளம், மாலை. என் படம் போட்ட பேனர். மூலையில் தபால்தலை அளவுக்குத் தனம். கயிலாயம் சுற்றியவர் காலில் விழுந்தால் புண்ணியம் என்று பெரியவர்களே என் காலில் விழுந்தார்கள். மாலை என் கழுத்தில் விழுந்தது. நான் கழற்றவில்லை, உண்மையும் சொல்லவில்லை. தனம் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுக்குள் போய் மோட்டார் போட்டாள். இப்போது எழுதித் தருகிறேன். பேனர் அடித்தவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

போக விரும்புகிறவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். உள்ளபடி சொல்கிறேன். நம்ம ஊர்க் கடற்கரையில் எவ்வளவு நடந்தாலும் அது கால் பழக்கம்தான். மூச்சுப் பழக்கம் ஆகாது. படிக்கட்டு ஏறியது வீண் இல்லை, அந்தத் திமிர்தான் ஆளைக் கொல்லும். விரதம், பட்டினி எல்லாம் வீட்டோடு. அங்கே பசிக்காவிட்டாலும் கஞ்சியும் பூண்டுச் சாறும் குடியுங்கள். வாய் காயும் முன் தண்ணீர். மாத்திரையைப் பற்றி டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். தலைவலியை மறைக்கிறவன் பக்திமான் இல்லை, கூட வந்தவர்களுக்கு எமன். புருஷன் பெண்டாட்டியாகப் போகிறவர்கள், ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் போவதா இறங்குவதா என்று மெட்ராஸிலேயே பேசி முடித்துக்கொண்டு ரயிலோ விமானமோ ஏறுங்கள். அங்கே பேசினால் வாயிலிருந்து வருவது நல்ல வார்த்தையாக இருக்காது. மற்றபடி, இனிமேல் நான் அந்தப் பக்கம் நினைக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

கணவாயைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. தனம் பால்காரரிடம் சொல்கிறாள். மாமியோடு போனில் மணிக்கணக்காகப் பேசிச் சிரிக்கிறாள். சேகர் பிள்ளைகளுக்குக் கையை விரித்து விரித்துக் காட்டுகிறாள். நான் உள்ளே நுழைந்தால், “காபி போடட்டா?” என்று எழுந்துவிடுகிறாள். சண்டை இல்லை. சோறு, மாத்திரை, வெந்நீர் எல்லாம் வேளைக்கு வருகிறது. இது மட்டும் வருவதில்லை.

போன வாரம் நான் வீட்டுப் பக்கவாட்டில் தொட்டி மோட்டாருக்கு அருகில் நின்றிருந்தேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் தனம் பூக்காரம்மா அஞ்சலையோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கணவாய்ல நம்ம பொருள் எதையாவது வுட்டுட்டு வரணுமாம் அஞ்சல. ஊரு ஒலகத்துத் துணியெல்லாம் அங்கதான் கீது, மலை மலையா. நான் அந்த ஆஸ்பத்திரித் துணிய எடுத்தாந்திருந்தேன்ல, நீலத் துணி? அத்த ஒரு கல்லுல கட்டினேன். ஒடனே காத்துல என்னமா படபடன்னு அடிச்சுக்குது தெரியுமா!”

“ஐய! அப்பால?”

“அப்பால இன்னா, பனி கொட்டுது, கண்ணே தெரியல, மாமி என் கைய வுடவேல்ல...”

“அண்ணனுக்கு இன்னாக்கா வேண்டிக்கின அங்க?”

தனம் ஏதோ சொன்னாள். மோட்டார் இரைச்சலில் கேட்கவில்லை. நான் கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினேன்.

பேச்சும் நின்றது.

“மோட்டார் ஏன் நின்னுச்சி?” என்று உள்ளேயிருந்து தனத்தின் குரல் வந்தது.

“டேங்க் ரொம்பிடுச்சி” என்றேன்.

பாதிகூட ரொம்பியிருக்கவில்லை.